சொல்லுக்கு முப்பத்தைஞ்சு ரூபா

மரண அறிவித்தலுக்கு எங்களிட்ட ஒரு அச்சு இருக்கு.
பிறப்பிடமாகவும், வசிப்பிடமாகவும் கொண்ட;
நடுவில ஊரை மாத்தினாச் சரி.
காலஞ்சென்றவர்களின் அன்பு மகளும்,
இன்னாரின் பாசமிகு மனைவியும்,
பிறகு வரிசையா மைத்துனி, சம்பந்தி, பூட்டி.
பாமினியில கண்ணை மூடிக்கொண்டு அடிப்பன்.
ஸ்ரான்லி வீதியில ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு பேர்
இந்த அச்சுக்குள்ள வந்து படுக்கினம்.

வியாழன் மத்தியானம் குடை சொட்டச் சொட்ட
எமல்டா ரீச்சர் வந்தா.
கையில ஒரு கொப்பி ஒற்றை, நாலா மடிச்சது.
கனடாவில இருந்து அண்ணன்காரன்
போனில சொல்லச் சொல்ல எழுதினதாம்:
செல்வி மங்கையர்க்கரசி கனகலிங்கம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, கோண்டாவில்.
அறுபத்தெட்டு வயசு.
எங்கட ஊரில செல்வி எண்ட சொல் மட்டும் நரைக்கிறேல்ல.

மனைவி எண்ட இடத்தில கேர்சர் போய் நிண்டுது.
அழிக்கப் போனன்.
"பொறு" எண்டா.

தொண்ணூற்றஞ்சில
நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள்ள
ஒரு சைக்கிளில ரெண்டு பேற்ற உடுப்பு.
திரும்பி வரேக்க பொற்பதி வீதியில ஒரு வீடு.
அதுக்குப் பிறகு உடுப்பைப் பிரிக்கவேயில்லை.
இவ்வளவுதான் சொன்னா. அதையும் மழையைப் பாத்துத்தான் சொன்னா.

முதலாளி எட்டிப் பாத்தார்.
அவரிட்ட எல்லாத்துக்கும் ஒரு சொல் கிடக்கும்.
"உடன்பிறவாச் சகோதரி எண்டு போடுவம் ரீச்சர், வடிவா இருக்கும்."
"சகோதரியோட இப்பிடிச் சண்டை பிடிக்கேலாது."
"அப்ப உற்ற நண்பி?"
"அது ஓட்டோகிராப் கொப்பிக்கு."
"சக ஆசிரியை?"
"ஸ்ராஃப் றூமை ரெண்டு மணிக்குப் பூட்டிப்போடுவினம்."
சீலைக்கடையில மாதிரி ஒவ்வொண்டையும்
விரலுக்கிடையில உருட்டிப் பாத்துட்டுத்
திருப்பிக் குடுத்தா.

அவர் ரீ குடிக்கப் போன பிறகு குரலைக் குறைச்சா.
போன வருசம் ஒரு கூட்டத்தில
கொழும்பில இருந்து வந்த பிள்ளையொண்டு
இவையளுக்கெண்டு ஒரு சொல் குடுத்ததாம்.
"நல்ல சொல்தான். புதுச் செருப்பு மாதிரி.
மங்கைக்குப் பொருந்திச்சுது,
வீட்டுக்குள்ளயே போட்டுக்கொண்டு நடந்தவ.
எனக்குக் கடிச்சுது."

"அப்ப அதைப் போடுவமே?"
"அது அவவின்ர.
கேக்காமல் எடுத்துப் பேப்பரில போடேலாது.
என்ர சொல்லைத்தான் நான் போடலாம்."

என்ர எண்டு சொன்னாவே தவிர
அது எதெண்டு அவவுக்கும் தெரியேல்ல.
மேசை விளிம்பை நகத்தால சுரண்டிக்கொண்டிருந்தா.
நான் பாக்காத மாதிரி
ஒரு சாமத்தியவீட்டுக் கார்ட்டைத் திருத்தினன்.

"கடைசியில தகவல் எண்டு ஒரு இடம் வருமெல்லோ.
அதில ஆர்?"
"குடும்பத்தினர். எல்லாருக்கும் அதுதான்."
"அதை எடுத்துப்போட்டு
வீட்டுக்காரி எண்டு அடி."

முதலாளிக்கு நிம்மதி.
வாடகைக்கு இருந்த ஆள் எண்டு விளங்கிட்டுது அவருக்கு.
கனடா அண்ணனுக்கும் அப்பிடித்தான் விளங்கும்.
எனக்கு, அம்மா படலையில நிண்டு
அப்பாவைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுறது கேட்டுது:
"வீட்டுக்காரர் இன்னும் வரேல்ல."
எங்கட வீட்டில ஆரும் ஆருக்கும் வாடகை குடுத்ததில்லை.

காசை எண்ணி வைச்சுட்டு வாசல் வரைக்கும் போனவ
திரும்பி வந்தா.
"மேல இருக்கிற செல்வியை எடுக்கலாமோ?"
"எடுத்தா வெறும் பேர்தான் நிக்கும் ரீச்சர்."
"நிக்கட்டும்."

ஒரு சொல் குறைஞ்சுது.
முப்பத்தைஞ்சு ரூபாயைத் திருப்பிக் குடுத்தன்.
கணக்கு ரீச்சரோட இருந்தவ, எண்ணிப் பாத்துத்தான் வாங்கினா.

முதல் கட்டம் வெறுமையா இருந்தா
எங்கட அச்சு பிழை காட்டும், சேமிக்க விடாது.
அதில ஒரு இடைவெளி மட்டும் அடிச்சன்.
ஏற்றுக்கொண்டுது.